பின்விளக்கு மாற்றிக்கொண்டு கோலா சாவா தேருக்குப் போனோம்

இந்த ஆடி மாதம் நானும் என் மனைவி பாக்கியமும் எங்கள் கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பகாவிலிருந்து கோலா சாவா பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தோம். அங்கே மாரியம்மன் கோயில் திருவிழா. ஒரு சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு மதியம் வீடு திரும்பினோம். ஒரு வழிக்கு மீட்டர் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் காட்டியது. தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்காக டிரெய்லரின் பழைய பின்விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்இடி விளக்கு போட வேண்டியிருந்தது. அது ஏன், எப்படி, போட்ட பிறகும் எங்கே தடுக்கியது என்பதை எழுதுகிறேன். டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

நான் மெதுவாக எழுதுகிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றே இரண்டு வருஷம்தான் ஆகிறது. பகாவ் கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் முதலில் தமிழ் கற்றேன், பிறகு மலாய் எழுத்து. அதற்கு முன் முப்பத்தைந்து வருஷம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினேன். சாலைப் பலகைகளை நிறத்தை வைத்தும் பக்கத்தில் நிற்கும் மரத்தை வைத்தும் அடையாளம் தெரிந்து வைத்திருந்தேன். மரத்தை வெட்டிவிட்டால் எனக்கு வழி தவறும். இப்போது எந்த மரத்தை வெட்டினாலும் கவலையில்லை. எதிரே வரும் பலகை எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டுகிறேன். பாக்கியம் பொறுத்துக்கொள்கிறாள்.

டிரெய்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நாலு தட்டு வைக்கும் அலமாரி. போன வருஷம் சிரம்பானில் ஒருவர் விற்றதை வாங்கினேன். பதிவுத் தாள்கள் சரியாக இருந்தன. என் பழைய டீசல் பிக்கப் அதைச் சிரமமில்லாமல் இழுக்கிறது. இதுவரை ஐந்து பயணம் போயிருக்கிறோம். ஐந்திலும் மாலை ஆறு மணிக்குள் எங்காவது வண்டியை நிறுத்திவிடுவோம். அது பாக்கியத்தின் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. பாக்கியத்தின் தம்பி, அவள் பிறந்த அதே தோட்டத்தில் வேலை செய்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் இருட்டும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், செம்பனைக் குலை ஏற்றிச் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லரின் பின்னால் மோதி அங்கேயே இறந்துபோனான். அதில் பின்விளக்கும் இல்லை, ஒளிரும் தகடும் இல்லை. எதிரே என்ன நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு வந்தால் ‘தம்பி’ என்பதோடு நின்றுவிடும். பெயரைச் சொன்னால் பாக்கியம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போவாள், ஆனால் மதியப் பூசை முடிந்ததும் கிளம்பிவிடுவாள். தேர் கிளம்புவது இரவு எட்டு மணிக்கு. சின்னப் பெண்ணாக இருந்தபோது தேருக்கு முன்னால் மாவிளக்கு ஏந்தி நடந்தவள், இத்தனை வருஷமாக விளக்கேற்றிய தேரைப் பார்த்ததில்லை. இருட்டில் அந்தச் சாலையில் வரமாட்டாள். அதுதான் விஷயம்.

இந்த வருஷம் நான் கேட்டேன். டிரெய்லர் இருக்கிறது, அங்கேயே பக்கத்தில் தங்கலாம், தேரைப் பார்த்துவிட்டு வரலாமே என்று. அவள் நேராக டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள்.

“லைட்டப் போடுங்க.”

போட்டேன்.

“இது என்னாங்க, ஊதுபத்தி கொளுத்தி வச்ச மாதிரி இருக்கு?”

“பல்பு நல்லாத்தான எரியுது.”

“உள்ள ஒக்காந்திருக்கிற உங்களுக்கு எரியுது. பின்னால வர்றவனுக்கு எரியணும்ல?”

அவள் சொன்னது சரி. பழைய விளக்கின் சிவப்புக் கண்ணாடி வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்து துருப் பிடித்திருந்தது. செம்மண் சாலையில் ஒருமுறை போய் வந்தால் பல்பின் இழை அறுந்துவிடும். இடது பல்பை மட்டும் நான் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். எல்இடியில் அறுந்துபோக இழை கிடையாது. வெளிச்சம் அதிகம், மின்சாரம் கொஞ்சம்தான் தின்னும். சூடாவதும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பகாவ் கடைத்தெருவில் வண்டிச் சாமான் விற்கும் சீனர் ஒருவரின் கடையில் வாங்கினேன். நாங்கள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். “அங்கிள், மலிவா வேணுமா, நல்லதா வேணுமா?” என்று கேட்டார். “என் பொண்டாட்டி சரின்னு சொல்ற மாதிரி வேணும்” என்றேன். கையில் எடுத்த பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார். ஜோடி நூற்று அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட். ஏழு முனை பிளக் பதினெட்டு வெள்ளி. கம்பி, முனைகள், தண்ணீர் புகாத சுற்று நாடா எல்லாம் முப்பத்திரண்டு வெள்ளி. வேலையை நானே செய்ததால் கூலி இல்லை.

பக்கத்து வீட்டு அந்தோணி உதவிக்கு வந்தார். அவர் முன்னாள் டாக்சி ஓட்டுநர், என்னைவிட ஆறு வயது இளையவர். அந்த வித்தியாசத்தை அடிக்கடி நினைவூட்டுவார். அவரைப் பிக்கப்பில் உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

“அண்ணே, மிதிச்சிட்டேன்.”

“எரியல.”

“மறுபடி மிதிக்கிறேன். இப்ப?”

“எரியல.”

“அப்ப நான் எறங்கி வந்து ஊதட்டுமா?”

புது விளக்கிலிருந்து நான்கு கம்பிகள் வந்தன. பழைய விளக்குக்கு மூன்றுதான் இருந்தன. அந்த மூன்றின் நிறத்தைப் பார்த்து மூன்றையும் இணைத்திருந்தேன். மிச்சமிருந்த வெள்ளைக் கம்பியை மடக்கி நாடா சுற்றி ஒளித்துவிட்டேன். லாரிக் காலத்தில் எனக்குக் கம்பி என்றால் நிறம்தான். தெரியாத நிறம் வந்தால் அது எனக்கு வேண்டாத கம்பி.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. அதைக் கசக்கிக் குப்பையில் போடத்தான் கை போனது, பழைய பழக்கம். பிறகுதான் எனக்குப் படிக்கத் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. அந்தோணி வண்டிக்குள்ளிருந்து “என்ன அண்ணே, லெட்டரா?” என்று கேட்டுக்கொண்டிருக்க, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மலாயில் இருந்தது. புத்தே, பூமி. அதாவது வெள்ளைக் கம்பி பூமிக்கு, எர்த்துக்கு. பழைய விளக்கின் உடம்பு இரும்பு, அது டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு ஒட்டி நின்றதால் தானாகவே எர்த் கிடைத்தது. புது விளக்கின் உடம்பு பிளாஸ்டிக். வெள்ளைக் கம்பியை நாம்தான் சட்டத்தில் இணைக்க வேண்டும். சட்டத்தில் ஒரு காசு அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகு, வளைய முனை வைத்து போல்ட் போட்டு முறுக்கினேன். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன்.

“மிதிங்க அந்தோணி.”

சிவப்பு வெளிச்சம் என் சட்டையெல்லாம் அடித்தது. ஒரு தாளைப் படித்து, அதனால் ஒரு காரியம் நடந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அன்று மதியச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அந்தோணி சொன்னார். எனக்குத் தெரியவில்லை.

பாக்கியம் சாயங்காலம் சந்து முனை வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தாள். “பரவால்ல” என்றாள். ஆனால் அதோடு விடவில்லை. “வீட்டு வாசல்ல எல்லா லைட்டும் நல்லாத்தான் எரியும். அந்த ரோட்டுல பாக்கணும்.”

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அந்தோணி தன் காரில் கூட வருவார். இருட்டும் நேரம் வந்ததும் பாக்கியம் அவர் காரில் ஏறிக்கொண்டு, எங்கள் டிரெய்லருக்குப் பின்னால் வந்து தன் கண்ணால் பார்ப்பாள். திருப்தி என்றால் என்னோடு தங்கித் தேர் பார்ப்பாள். இல்லை என்றால் அந்தோணி அவளை நேராகச் சிரம்பானில் இருக்கும் எங்கள் மகள் வீட்டில் விட்டுவிடுவார், அதற்குப் பிறகு தேர்ப் பேச்சை நான் எடுக்கக் கூடாது. அந்தோணி மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனால் அன்னதானம் எந்தக் கோயிலில் என்றாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். உடனே ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பகல் என்பதால் பாக்கியம் என் பக்கத்தில்தான் இருந்தாள். பகாவிலிருந்து கோலா பிலா வரை சாலை நன்றாக இருக்கிறது, இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் கொஞ்சம் ரப்பர். டிரெய்லர் இழுப்பவர்கள் எழுபதுக்கு மேல் போக வேண்டாம். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். நாங்கள் கோலா பிலாவில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். மூன்று தேநீர், நாலு வடை, பதினோரு வெள்ளி. கடையின் விலைப்பலகையை நான் முழுவதும் படித்து முடிக்கும் வரை அந்தோணி வடை தின்றுகொண்டிருந்தார்.

புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் இடது தடத்திலேயே போனேன். ஏற்றத்தைவிட இறக்கம்தான் கவனம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிவிடும், கியரைக் குறைத்து இன்ஜின் பிடியில் இறங்க வேண்டும். பின்னால் வந்த அந்தோணி கீழே வந்ததும் போன் செய்து, பகலிலேயே பிரேக் விளக்கைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் காதில் விழுந்திருக்கும்.

சிரம்பானுக்குள் நுழையாமல் வெளிச் சாலையில் திரும்பி, ரந்தாவுக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்ன ஊர். டீசல், ஐஸ், சமையல் வாயு எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பெரிய கடை இல்லை. வாழை இலைச் சாப்பாடு மூன்று பேருக்கு முப்பத்து மூன்று வெள்ளி. அங்கிருந்து தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் வழியில் கடைசி நாலு கிலோமீட்டர் செம்மண். டிரெய்லர் குதிக்கும், உள்ளே தட்டுகளுக்கு நடுவே துண்டு வைத்து அடுக்குவது நல்லது. அந்தச் சாலையில் நுழைந்ததும் பாக்கியம் பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் பலகைகளைப் படிப்பதை நிறுத்தினேன்.

கோயிலுக்கு முன்னால் பெரிய திடல். இப்போது தோட்டத்தில் நம் ஆட்கள் அதிகம் இல்லை, ஆனால் திருவிழாவுக்குச் சிரம்பான், கிள்ளான் என்று எங்கிருந்தெல்லாமோ வந்துவிடுகிறார்கள். திடல் முழுக்க கார்கள். பூசை முடிந்ததும் பூசாரி எங்கள் வண்டிக்கும் ஒரு தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பாக்கியம் கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வந்தாள். பிக்கப் முகப்புக்கு ஒரு பொட்டு வைத்தாள். பிறகு டிரெய்லருக்குப் பின்னால் போய், இரண்டு புது விளக்குகளுக்கும் உள்ளங்கை அகலத்துக்கு வழித்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். மற்ற வருஷங்களில் ஒரு விரல் தொட்டு வைப்பவள் அன்று தாராளமாக வைத்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வேளையில்தான் நாங்கள் மூவருமே தவறு செய்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. லாரி ஓட்டிய காலம் முழுக்க ஆயுத பூசைக்கு நான் விளக்குகளுக்குச் சந்தனம் பூசியிருக்கிறேன். நம்மில் யார்தான் பூசவில்லை?

மூன்று மணிக்குத் தூறல் வந்து நின்றது. அன்னதானம் சாப்பிட்டோம். ஆறரை மணிக்குக் கோயில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார்.

“அண்ணே, டிரெய்லர ஏழேகாலுக்குள்ள எடுத்துடுங்க லா. தேர் திரும்புற எடம் இது.”

அது முன்பே தெரிந்ததுதான். ஆறு கிலோமீட்டர் தள்ளி, பாக்கியத்தோடு சின்ன வயதில் ஒன்றாக வளர்ந்த ஒருவரின் டுரியான் பழத் தோப்பு இருக்கிறது. டிரெய்லரை அங்கே நிறுத்திவிட்டு, பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்குத் தேருக்குத் திரும்பலாம் என்பது திட்டம். பாக்கியம் தன் பையையும், கோயிலில் கொடுத்த, வேப்பிலை போட்ட மஞ்சள் நீர் போத்தலையும் எடுத்துக்கொண்டு அந்தோணியின் காரில் ஏறினாள். பையையே எடுத்துக்கொண்டாளே, சிரம்பானுக்கே தயாராகிவிட்டாளா என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

சூரியன் இறங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ஆனால் செம்பனை மரங்களுக்குள் நுழைந்துவிட்டால் வெளியே பொழுது இருந்தாலும் உள்ளே இருட்டிவிடும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு முப்பதில் போனேன். கண்ணாடியில் அந்தோணியின் காரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருப்போம். பின்னாலிருந்து ஒரு மோட்டார் வந்து என் ஜன்னல் பக்கம் வேகத்தைக் குறைத்தது. தோட்டத்து ஆள்.

“அங்கிள், பின்னால லைட்டே இல்ல. போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே நேரம் அந்தோணி ஹாரன் அடித்தார். ஓரம் கட்டினேன்.

நான் இறங்கிப் போவதற்குள் பாக்கியம் இறங்கி நின்றிருந்தாள். “ஒண்ணுமே தெரியலங்க” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். “ரெண்டு மின்மினி மாதிரி ஓரத்துல தெரியுது. அவ்ளோதான்.”

எர்த் விட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து போல்ட்டை அசைத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. பிறகு விளக்கின் மேல் கை வைத்தேன். கை முழுக்கச் சந்தனம். மத்தியானம் பூசியது தூறலில் குழைந்து கண்ணாடி முழுக்கப் பரவி, ஈரம் காயாமல் அப்படியே ஒட்டியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். கண்ணாடி ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. பழைய பல்பு சூடாகும். அந்தச் சூட்டில் சந்தனம் காய்ந்து, வெடித்து, வண்டி குதிக்கும்போது தானாக உதிர்ந்துவிடும். ஆயுத பூசைக்கு மறுநாள் லாரியின் விளக்கில் சந்தனம் இருந்ததா என்று நான் யோசித்ததே இல்லை. அது எங்கே போனது என்று யார் கேட்டார்கள்? எல்இடி சூடாகாது. நாம் பூசியதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

சொன்னேன். அந்தோணிக்குச் சிரிப்பு வந்தது, பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் கைத்துண்டை எடுத்தேன்.

“தொடைக்காதீங்க” என்றாள்.

துண்டோடு நின்றேன். எங்கள் வீடுகளில் பொட்டை அழிப்பது என்பது கணவன் போன அன்று ஒரு பெண்ணுக்குச் செய்வது. தம்பியின் மனைவிக்கு அதைச் செய்தபோது பாக்கியம் பக்கத்தில் இருந்தவள். அதே தோட்டம், அதே சாலை, அதே பொழுது. அவள் கையால் வைத்த பொட்டை அவள் கண் முன்னால் நான் எப்படித் துடைப்பேன்?

“அண்ணி, நான் வேணும்னா தொடைக்கிறேன்” என்றார் அந்தோணி. “எங்க ஆளுங்களுக்கு அந்தக் கணக்கு கெடையாது.”

“வச்சது நான். அந்தக் கணக்கு எனக்கு இருக்கு” என்றாள்.

வேறு மோட்டார் ஏதாவது வருகிறதா என்று பாக்கியம் சாலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணி தன் காரின் நான்கு சிக்னலையும் போட்டுவிட்டு வந்தார். இனி அவளைச் சிரம்பானுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான், விளக்கில் ஜெயித்தும் தேரில் தோற்றோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் கார்க் கதவைத் திறந்தாள். ஏறப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் நீர் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“மத்தியானம் அம்மனுக்கு அபிஷேகம் பண்ணாங்கல்ல. நேத்து வச்ச சந்தனப் பொட்டு எல்லாம் எங்க போச்சு?”

“தண்ணியில போச்சு.”

“யாராவது தொடச்சாங்களா?”

“இல்ல.”

“குளிப்பாட்டுனாங்க” என்றாள். “குளிப்பாட்டிட்டு மறுபடி வச்சாங்க. பிடிங்க, மூடியத் தெறந்து குடுங்க.”

இடது விளக்கின் மேல் அவளே ஊற்றினாள், இன்னொரு கையால் குழந்தைக்கு முகம் கழுவுவது போலத் தடவி விட்டாள். வேப்பிலை ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, அதை எடுத்துத் தலைமுடியில் செருகிக்கொண்டாள். சந்தனம் வழிய வழிய வெளிச்சம் வந்தது. அவள் கை சிவப்பானது, பிறகு சேலை, பிறகு முகம். வலது விளக்குக்குத் தண்ணீர் போதவில்லை, டிரெய்லர் தொட்டியிலிருந்து பிடித்துக் கலந்து கொடுத்தேன். பையில் இலையில் மடித்து வைத்திருந்த மிச்சச் சந்தனத்தை எடுத்து, விளக்குகளுக்கு ஒரு சாண் மேலே, டிரெய்லரின் வெள்ளைப் பலகையில், ஒரு விரல் அளவுக்குப் புதுப் பொட்டு வைத்தாள். இரண்டு பக்கமும்.

“நெத்தியில வைக்க வேண்டியதக் கண்ணுல வச்சிட்டேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தோணி சிரித்தார்.

“நீங்க மட்டும் ஓட்டிட்டுப் போங்க. நான் இங்கியே நின்னு பாக்கறேன்.”

அந்தோணி தன் கார் விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பின்பக்கம் காட்டிக்கொண்டு அவளோடு ஓரமாக நின்றார். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் கொஞ்ச தூரம் வரை அவள் சிவப்பாகத் தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. சாலை வளையும் இடத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டே காத்திருந்தேன். இந்தப் பயணத்தில் ரொம்ப நீளமான நேரம் அதுதான்.

அந்தோணியின் கார் வந்து நின்றது. பாக்கியம் இறங்கி, பையோடு முன்னால் வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினாள்.

“தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுது. வளைவு வரைக்கும் தெரியுது.” சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, “நிறுத்தியிருப்பான்” என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. அவள் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, “தேர் கெளம்பிடும், எடுங்க” என்றாள்.

டிரெய்லரைத் தோப்பில் விட்டுவிட்டு எட்டு மணிக்குத் திரும்பினோம். தேர் இருபது நிமிஷம் தாமதமாகத்தான் கிளம்பியது. இவ்வளவு அவசரப்பட்டதற்கு அந்தோணி என்னைத் திட்டினார். தேரைப் பற்றி நான் எழுத மாட்டேன், அது பாக்கியம் பார்த்தது. நான் பெரும்பாலும் அவளைத்தான் பார்த்தேன்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். விளக்கு வாங்கும்போது டிரெய்லருக்கென்று செய்ததையே வாங்குங்கள், நம் நாட்டுச் சாலைக்கு அந்த விளக்கு அனுமதிக்கப்பட்டதா என்று கடையில் கேட்டு, பிறகு போக்குவரத்து அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், படிக்கத் தெரிந்தும் படிக்காமல் விடுவது எனக்கு இப்போது பொறுக்க முடியாத விஷயம். எர்த் கம்பியைப் பெயின்டின் மேல் முறுக்கினால் வேலை செய்யாது, இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். ஓட்டும் காரில் பல்பு போனால் எச்சரிக்கும் வசதி இருந்தால் எல்இடி போட்டதும் அது வீணாகக் கத்தலாம், அதற்கு ரெசிஸ்டர் என்று ஒரு சின்னச் சாமான் தனியாக விற்கிறார்கள். என் பழைய பிக்கப்புக்குத் தேவைப்படவில்லை. போட்டு முடித்ததும் உங்கள் கண்ணை நம்ப வேண்டாம். யாரையாவது பின்னால் அனுப்பி, இருட்டும் நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பவர் உங்களிடம் உண்மையைச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

பூசை போட்டால் பொட்டை விளக்குக்கு மேலே வையுங்கள். ஏற்கனவே விளக்கில் வைத்துவிட்டீர்கள் என்றால் கிளம்பும் முன் குளிப்பாட்டிவிடுங்கள். துடைக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஆறு மணிச் சட்டம் இப்போது எட்டு மணிச் சட்டம் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எங்கே நிறுத்தினாலும் பாக்கியம் முதலில் இறங்கி, பின்னால் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கப் பல நாளாகிவிட்டது. நேற்று பாக்கியத்துக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வடைக் கணக்கு எதற்கு என்று கேட்டாள். மற்றதையெல்லாம் உட்கார்ந்து கேட்டாள், எழுந்து போகவில்லை. முடிந்ததும், “எல்லாம் எழுதியிருக்கீங்க, தம்பி தம்பின்னே எழுதியிருக்கீங்களே, அவன் பேர எழுதலியா?” என்றாள்.

நீ சொல்லு, எழுதுகிறேன் என்றேன். சொன்னாள். அவன் பெயர் சின்னையா.